கீத்துவுக்கு ஒரு பொன்னாடை

ஃப்ளோராவுக்குக் கூட்டம் பிடிக்காது. நாலு பேர் நின்று பேசுகிற இடத்தில் ஐந்தாவது ஆளாக அவர் நின்றதைப் பார்த்தவர்கள் ராயபுரத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மற்றவர்கள் கோயில் வாசலில் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசும்போது, அவர் பக்கத்துக் கதவு வழியாக நழுவி வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதுவும் தபால்காரர் கடிதத்தை வீடு மாற்றிப் போட்டதால்.

துறைமுகம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் நாள் முழுக்கப் பேசித் தீராத ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. அதை நடத்துகிறவரும் இதே ஃப்ளோராதான்.

குழுவின் பெயர் 'ரோடு எப்டி கீது?' ஆயிரத்து இருபத்து நாலு பேர். வாட்ஸ்ஆப் ஒரு குழுவில் அதற்கு மேல் ஒருவரையும் விடாது. ரோட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் தினமும் ரோட்டில் அவதிப்படுகிறவர் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர் வீட்டிலிருந்து ஆபீசுக்கு இருபது நிமிடம் நடை. கணவர் இன்னாசிக்குப் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. ரயிலில் போய் ரயிலில் வருகிறார். நாற்பத்தொன்பது வயதுவரை ஃப்ளோரா ஒரு டிராஃபிக் ஜாமிலும் முழுதாக உட்கார்ந்ததில்லை.

எல்லாம் ஆபீசால் வந்தது. கண்டெய்னர்களைத் துறைமுகத்துக்குள் அனுப்பத் தேவையான காகிதங்களைத் தயாரிக்கும் சின்ன ஏஜென்சி அது. கப்பல் கிளம்புவதற்கு முன் இன்ன மணிக்குள் கண்டெய்னர் துறைமுகக் கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். தவறினால் கப்பல் போய்விடும், கண்டெய்னர் ரோட்டிலேயே நிற்கும், முதலாளி ஃப்ளோராவின் மேசைக்கு முன்னால் நிற்பார். ஆகவே தினமும் காலையில் பதினாலு ட்ரெய்லர் டிரைவர்களைப் போனில் கூப்பிட்டு ஒரே கேள்வியைப் பதினாலு தடவை கேட்டு வந்தார். அதில் ஒருவரான அலெக்ஸாண்டர்தான் ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார்: "ஒரு குரூப் போட்டு ஒரே வாட்டி கேளுக்கா. பதில் சொல்லிக்கிறோம்."

ஆக, அந்தக் குழு பிறந்ததே ஃப்ளோரா குறைவாகப் பேசுவதற்காகத்தான்.

பதினாலு டிரைவர்களுக்குப் பின்னால் அவர்களின் மனைவிமார் வந்தார்கள், உலை எப்போது வைப்பதென்று தெரிந்துகொள்ள. பிறகு வல்லூர் அனல்மின் நிலையத்துக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், மீஞ்சூரிலிருந்து வரும் டீச்சர்கள், காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு கிளம்பும் ஆட்டோக்காரர்கள். ஜாமுக்குக் காரணமானவர்களே ஜாமைப் பற்றிய செய்தியையும் தருவது இந்தக் குழுவின் விசேஷம். ட்ரெய்லர் நின்றால்தான் டிரைவருக்குக் கை காலியாகும். கை காலியானால்தான் செய்தி வரும். ரோடு நன்றாக இருக்கிற நாளில் குழுவில் ஈ ஆடாது.

ஃப்ளோரா போட்ட விதிகளில் முதலாவது, யாரும் குட் மார்னிங் சொல்லக் கூடாது. 'நல்லா கீறியா' என்று நலம் விசாரிப்பதும் அதில் சேர்த்தி. பண்டிகை வாழ்த்து இல்லை, கிறிஸ்துமஸ் உட்பட. பங்குச் சாமியார் ஒருமுறை ஈஸ்டருக்கு லில்லிப் பூப் படம் போட்டு வாழ்த்தினார். பத்து நிமிடத்தில் நீக்கப்பட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் மன்னிக்கும் குணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியபோது, பொதுவாகப் பேசுகிறார் என்றே ஃப்ளோரா எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது விதிதான் வம்பில் மாட்டிவிட்டது. தொண்ணூறு நாள் வாயைத் திறக்காதவர்களை மாதத்துக்குச் சிலராக நீக்கிவிட்டு, வெளியே காத்திருப்பவர்களுக்கு இடம் கொடுப்பார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு நியாயம் மாடிப்படி ஏறி ஆபீசுக்கே வந்தது. அறுபதைத் தாண்டிய ஆள், காக்கிச் சட்டை.

"நீதான் ஃப்ளோராவா?"

"ஆமா. உக்காருங்க."

"உக்கார வரல. என்னை ஏம்மா தூக்கிட்ட?"

"பேரு?"

"தண்டபாணி. எர்ணாவூரு. ஸ்கூல் வேனு."

யார் எப்போது பேசினார்கள் என்று குறித்துவைத்திருந்த நோட்டை ஃப்ளோரா புரட்டினார். "நீங்க ஒண்ணுமே போடலியே நைனா. ரெண்டு வருஷத்துல ஒரு மெசேஜ்கூட இல்ல."

"இன்னாத்த போடறது? வண்டி ஓட்டிகினே போட சொல்றியா? உள்ள பதினோரு கொயந்தைங்க கீது."

"நீங்க படிக்கிறீங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"சோறு துன்றவன், துன்றேன் துன்றேன்னு சொல்லிகினேவா துன்னுவான்?"

தண்டபாணி தொடர்ந்தார். முந்தின நாள் காலாண்டுப் பரீட்சை. குழுவில் இல்லாததால் கடலோர எக்ஸ்பிரஸ் ரோடு அடைத்துக் கிடப்பது தெரியவில்லை. தெரிந்திருந்தால் டோல்கேட்டில் திரும்பி ஊருக்குள் போகும் டி.எச். ரோட்டைப் பிடித்திருப்பார். ஒரு மணி நேரம் லேட்.

"மூணாவது படிக்கிற புள்ள ஒண்ணு, வேன்லயே அயுதுது. எனக்கு எல்லாக் கணக்கும் தெரியும் தாத்தா, எனக்கு எல்லாக் கணக்கும் தெரியும்னு சொல்லிச் சொல்லி அயுதுது. நான் இன்னா சொல்றது அதுங்கிட்ட? ஒரு அம்மா நம்மள தூக்கிடுச்சுன்னா?"

அன்றைக்கே அவரைத் திரும்பச் சேர்த்தார். ஒருவரைச் சேர்க்க ஒருவரை நீக்க வேண்டும். வாயே திறக்காதவர்களின் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வேன் நிற்பதுபோல் இருந்தது. கடைசியில் கணவர் இன்னாசியை நீக்கினார். ரயிலில் போகிறவருக்கு ரோடு எதற்கு? இன்னாசிக்கு இது தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று.

ஆனால் வீட்டில் இருந்தது ஒரு கணவர்தான். வெளியே காத்திருந்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பேசினாலும் பேசாவிட்டாலும் யாரையும் வெளியே தள்ளத் தேவையில்லாத ஓர் இடம் வேண்டும் என்பது அன்றிலிருந்து ஃப்ளோராவின் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது குழு ஒன்று தொடங்கிப் பார்த்தார். முதல் குழுவின் செய்தி இரண்டாவதற்குப் போவதற்குள் ஜாமே கலைந்துவிட்டது.

அப்போதுதான் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டு நகரோடை அறக்கட்டளை என்ற அமைப்பிலிருந்து சங்கமித்ரா வந்தார். வயது நாற்பதுக்குப் பக்கம், கோயம்புத்தூர்க்காரர், தரமணியில் ஆபீஸ். இணையத்தில் ஒன்றுகூடும் மக்களுக்குத் தகவல் அமைப்பு வடிவமைப்பது தன் வேலை என்றார்.

"அப்டின்னா இன்னா மேடம்?"

"நீங்க செய்யறதுதான். நாங்க செஞ்சா விசிட்டிங் கார்டு குடுப்பாங்க."

ஃப்ளோராவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

சங்கமித்ரா குழுவின் மூன்று வருஷச் செய்திகளை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "எழுதினவங்க மொத்தமே இருநூத்தி நாப்பது பேர். மத்தவங்க எல்லாம் உங்க தண்டபாணி மாதிரி."

"அவ்ளோ பேரா சும்மா கீறாங்க?"

"சும்மா இல்லைங்க. படிக்க ஆளில்லைன்னா எழுதறவங்க யாருக்கு எழுதுவாங்க? உங்களுக்காக நாங்க செய்யப் போற புது ஆப்ல யார் பேசறாங்கன்னு நாம எண்ணப் போறதில்லை. திறந்து பார்த்தா அவர் உறுப்பினர். அவ்வளவுதான்."

மூன்று வருஷமாகத் தான் செய்துவந்த நீக்கல்கள் ஃப்ளோராவின் கண்முன் வரிசையாக வந்து போயின.

புது ஆப்புக்கு உச்சவரம்பு இல்லை. டிரைவர் வாய்க்கு வந்தபடி ஒரு வரி போட்டால் போதும். எந்த இடம், என்ன நிலைமை, எப்போதிலிருந்து என்று மென்பொருளே பிரித்து வரைபடத்தில் குத்திவிடும். பழைய செய்திகளையெல்லாம் படித்துக் குழுவின் பேச்சை அது கற்றுக்கொண்டிருந்தது. குழுவின் விதிகளையும் அதற்கு ஊட்டியிருந்தார்கள்.

"குட் மார்னிங் வந்தா இன்னா பண்ணும்?" என்று ஃப்ளோரா கேட்டார்.

"நலம் விசாரிப்பு எதுவா இருந்தாலும் கண்டுபிடிச்சு அழிச்சிடலாம்."

"அழிச்சா பாவம். யாரு கண்ணுலயும் படாம ஒரு மூலைல போட்டு வைங்க."

அறக்கட்டளையின் இயக்குநர் அருள்பிரகாசம் ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு வாரச் சோதனை. அதற்குள் முந்நூறு ரோட்டுச் செய்தியாவது வந்தால் ஆப்பை அவர்களே தொடர்ந்து நடத்துவார்கள். வராவிட்டால் கேட்டுக்கொண்டு நிற்கும் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். முந்நூறு ஒரு விஷயமே இல்லை என்று ஃப்ளோரா நினைத்தார். பழைய குழுவில் அது ஒன்றரை நாள் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை 'இனிமே அங்க வாங்க' என்று ஒரு வரி போட்டுப் பழைய குழுவைப் பூட்டினார். காத்திருந்தவர்களும் சேர்ந்து ஆயிரத்து அறுநூறு பேர் ஆப்புக்குள் வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, மூன்று வருஷமாகத் தினமும் கேட்பதுபோல், ஆங்கில எழுத்தில் ஃப்ளோரா தட்டினார்: ரோடு எப்டி கீது? பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. 'தங்கள் செய்தி பெறப்பட்டது' என்றது ஆப்.

பதில் இல்லை.

செவ்வாய் கேட்டார். புதன் கேட்டார். யாரோ தெரியாத்தனமாகப் போட்ட ஒன்றிரண்டு செய்திகள் வந்தன. ஆயிரத்து அறுநூறு பேர் கூடிய இடத்தில் அப்படியொரு அமைதி பூசையில்கூடக் கிடைக்காது. கூட்டம் பிடிக்காத ஃப்ளோராவுக்கு அது பிடித்திருக்க வேண்டும். வியாழக்கிழமை அவர் சோறு இறங்காமல் தட்டை ஒதுக்கியதைப் பார்த்து, "என்னைத் தூக்கினப்ப இப்டி ஒண்ணும் நீ வருத்தப்படலியே" என்று இன்னாசி கேட்டார்.

வெள்ளிக்கிழமை மொத்தக் கணக்கு ஒன்பது. ஆப் டிரைவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம் என்று ஃப்ளோரா முடிவுகட்டினார். மறுநாள் பழைய குழுவைத் திறந்துவிட வேண்டியதுதான். அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் எப்படிச் சொல்வது என்று வாசகம் யோசித்துக்கொண்டிருந்தபோது, சங்கமித்ரா மடிக்கணினியோடு ஆபீசுக்கு வந்தார்.

"ஒரே வழிதான் இருக்கு மேடம். கீத்து அவங்களைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க."

"யாரு?"

"கீத்து. உங்க குழுவுலயே செல்வாக்கான ஆள் அவங்கதானே. மூணு வருஷத்துல பதினோராயிரம் தடவை அவங்க பேர் வந்திருக்கு. அவங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் வந்துடுவாங்க."

ஃப்ளோரா யோசித்தார். பதினோராயிரம் தடவை பேசப்பட்ட ஒரு பெண்மணி தன் குழுவில் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கே ஆறு வருஷம் ஆனவர் என்பதால், அது நடக்கவே முடியாது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"எந்தத் தெரு?"

"அதுதான் ஆச்சரியம். துறைமுகத்து ஜீரோ கேட்ல கீத்து, டோல்கேட்ல கீத்து, எர்ணாவூர் பாலத்துல கீத்து. சில நாள் ஒரே நேரத்துல மூணு இடத்துல. களப்பணின்னா இதுதான்னு எங்க இயக்குநர் அசந்துட்டார். சோதனை முடிஞ்சதும் நடக்கப் போற துவக்க விழாவுல அவங்களுக்குப் போர்த்தப் பொன்னாடைகூட வாங்கியாச்சு."

"கீதான்னு ஒருத்தி காசிமேட்டுல எறா விக்கிறா. ஆனா அவ பாலத்து பக்கம்லாம் போவ மாட்டாளே..."

இந்த நேரத்தில் கேட் பாஸ் வாங்க அலெக்ஸாண்டர் உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாக, "இன்னாக்கா, எங்க மேல எதுனா கோவமா?" என்றார்.

"ஏன்?"

"அஞ்சு நாளா ரோட்ட பத்தி கேக்கவே இல்லியே நீ. கண்ணாலம் காட்சிக்கு கூப்டாத மாதிரி ஆயிடுச்சு எங்களுக்கு."

"நான் தினமும் கேட்டுகினுதான கீறேன்! நீங்கதான் ஒருத்தனும் வாய தொறக்கல."

"எங்க கேட்ட? ஆப்ப தொறந்தா தொடச்சு வுட்ட மாதிரி கீது. அக்காவே கேக்கல, நாம இன்னாத்துக்கு வலியப் போயி சொல்லணும்னு பசங்க வுட்டுட்டானுங்க. இப்ப கூட ஜீரோ கேட்ல ஜாம் கீது. அந்த வேன்கார தாத்தா என் பின்னாலயே நின்னுகினு இருந்தாரு. கொயந்தைங்க ஹோம்வொர்க்கே முடிச்சிடுச்சுங்க."

சங்கமித்ரா மெதுவாகத் தலையைத் தூக்கினார். "அண்ணா, இப்ப என்ன சொன்னீங்க?"

"தாத்தா நின்னுகினு இருந்தாரு..."

"அதுக்கு முன்னாடி."

"ஜாம் கீது."

"கீதுன்னா?"

அலெக்ஸாண்டர் ஃப்ளோராவைப் பார்த்தார். இதற்கு அவருக்கு இதுவரை விளக்கம் தேவைப்பட்டதில்லை. "கீதுன்னா... கீதுதான். இருக்குதுன்னு அர்த்தம். எந்த ஊரு மேடம் உங்களுக்கு?"

"கோயம்புத்தூர்."

"அதான்."

சங்கமித்ரா சென்னையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவர். கீது என்ற சொல்லைக் காதால் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். ஆங்கில எழுத்தில் 'keethu' என்று, அட்டவணையில், பதினோராயிரம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தபோது அது அவருக்கும் ஒரு பெண்ணின் பெயராகவே தெரிந்துவிட்டது. மென்பொருளைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் மடிக்கணினியைத் திருப்பி, யார் கண்ணிலும் படாத அந்த மூலையைத் திறந்தார். ஐந்து செய்திகள் கிடந்தன. ஐந்தும் ஃப்ளோரா கேட்ட கேள்வி. 'ரோடு எப்டி, கீத்து?' என்று தினமும் விடியற்காலையில் யாரோ ஒரு கீத்துவிடம் யாரோ விசாரிப்பதாக மென்பொருள் புரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதியிருந்தது: நலம் விசாரிப்பு, விதி ஒன்றின்படி மறைக்கப்பட்டது.

"யாரு போட்ட விதி அது?" என்றார் அலெக்ஸாண்டர்.

ஃப்ளோரா ஐந்து குறிப்புகளையும் படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் வேல செய்யுது."

பங்குச் சாமியாரையே விடாதவர், இப்போது தன்னையும் ஐந்து தடவை நீக்கியிருக்கிறார். ஆனால் அவரை உறுத்தியது அதுவல்ல. அந்த ஒரு வரியை அவர் இத்தனை நாளும் ஒரு வேலையாகவே எண்ணியதில்லை. குழு என்றால் விதி, நோட்டு, நீக்கல், சேர்த்தல் என்றுதான் நினைத்திருந்தார். டிரைவர்களோ ரோட்டைப் பற்றி ஊருக்கு அறிவித்துக்கொண்டிருக்கவில்லை. கேட்ட ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்காதபோது போய்ச் சொல்வது பீற்றிக்கொள்வது என்பது அவர்கள் கணக்கு.

சனியும் ஞாயிறும் சங்கமித்ரா அந்த மேசையிலேயே உட்கார்ந்தார். கீது, கீறேன், கீறாங்க, நின்னுகினு, பூட்டுது என்று அலெக்ஸாண்டர் சொல்லச் சொல்ல மென்பொருளுக்கு ஏற்றினார். 'தங்கள் செய்தி பெறப்பட்டது' என்பதை எடுத்துவிட்டு 'வந்துச்சு' என்று போட்டார். ஃப்ளோராவின் கேள்வியை எந்த விதியும் தொடாதபடி எல்லாவற்றுக்கும் மேலே கட்டினார். ஃப்ளோரா தன் பங்குக்கு இரண்டாவது விதியை நோட்டிலிருந்து அடித்தார். முதல் விதியைத் தொடவில்லை. தோற்றதற்காகக் குட் மார்னிங்கை எல்லாம் உள்ளே விட முடியாது.

"ஒரு வாரந்தான் இருக்கு, முந்நூறு வரணும்" என்றார் சங்கமித்ரா.

"நாளைக்கு ரோடு நல்லா இருந்துடக் கூடாது. அதான் எனக்கு பயம்" என்றார் ஃப்ளோரா. எக்ஸ்பிரஸ் ரோடு அடைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

திங்கள் காலை ஐந்தே முக்காலுக்குக் கேட்டார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு முதல் பதில் வந்தது: 'அஞ்சு நாளா எங்க பூட்ட?' தொடர்ந்து திட்டு, அதற்குப் பின்னால் ரோடு. எர்ணாவூர் பாலம் மெதுவாக நகருகிறது, ஜீரோ கேட்டில் இரண்டு வரிசை, தேரடி காலி, விம்கோ நகர்ப் பக்கம் ஒரு வண்டி பஞ்சர். ஏழு மணிக்குள் நூற்று நாற்பது. செவ்வாய் மதியம் முந்நூறைத் தாண்டியது. அதில் இருபது வெறும் திட்டு என்று சங்கமித்ரா நேர்மையாகக் கழிக்கப் பார்த்தார். "அதுவும் ரோட்லேர்ந்துதான வந்துச்சு, இருக்கட்டும்" என்று ஃப்ளோரா தடுத்துவிட்டார். ஆப்பைத் தொடர்ந்து நடத்த அருள்பிரகாசம் புதன்கிழமை கையெழுத்துப் போட்டார். கீத்து அம்மையார் விழாவுக்கு வர இயலாத காரணத்தை மட்டும் யாரும் அவருக்கு முழுதாக விளக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. ஃப்ளோராவின் போன் அடித்தது. போனில் பேசுவதும் அவருக்குக் கிட்டத்தட்டக் கூட்டம் அளவுக்கே பிடிக்காது; ஆனாலும் எடுத்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீற?" தண்டபாணி.

"ஏன் நைனா, ஜாம்ல மாட்டிகினீங்களா?"

"மாட்னாதான் பரவாயில்லியே! டி.எச். ரோடு ஃப்ரீயா கீதுன்னு போட்டானுங்க. திரும்பிட்டேன். பறந்து வந்துட்டேன். ஸ்கூலு கேட்டே தொறக்கல. வாட்ச்மேன் டீ குடிக்க போய்கீறான். பதினோரு கொயந்தைங்கள வெச்சுகினு ஒரு மணி நேரம் நான் இன்னா பண்றது?"

"நாளைக்கு லேட்டா கெளம்புங்க."

"எத்தினி மணிக்கு கெளம்பறதுன்னு அதையும் நீயே சொல்லிடேன். இவ்ளோ பேரு கீறீங்க, அத ஒருத்தரும் சொல்ல மாட்டீங்களா?"

"அதெல்லாம் ஆப்ல கெடையாது நைனா. நீங்களே ஒரு வரி போட்டு கேளுங்க, யாராவது சொல்லுவாங்க."

"நானா? நான் எதுக்குப் போடணும்? நான் படிக்கிறவன்." பின்னால் பிள்ளைகளின் கூச்சல் எகிறியது. "இரு இரு, ஒண்ணு கேட்டு மேல ஏறிகினு கீது. டேய், எறங்குடா! வெச்சுடறேன்."